பச்சை விளக்கு அதிகாரி

டொப். டொப். டொப்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து முத்திரை குத்தும் சத்தம் கேட்டதும், அரசு அலுவலக வராந்தாவில் அதிகாரிக்காகக் காத்திருந்த ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே பியூன், மடித்த கோப்பால் மேஜைமேல் கொசு அடித்துக்கொண்டிருந்தார். ஜனம் மறுபடி உட்கார்ந்தது.

அந்த நிமிஷத்தில்தான் கூட்டத்தில் இருந்த பம்ப்காரருக்கு யோசனை உதித்தது. இரவெல்லாம் தண்ணீர் நிலையத்தில் மோட்டார் பார்ப்பவர். பகலில் தூங்கவேண்டிய நேரத்தில் தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். "இருக்காரா?" என்ற செயலி பிறந்தது. அலுவலகத்துக்குப் போனவர், அதிகாரி நாற்காலியில் இருந்தால் பச்சையைத் தட்டுவார், இல்லாவிட்டால் சிவப்பை. வீட்டில் இருப்பவர் அதைப் பார்த்து, சட்டை போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

ஊரே அதைத் தரவிறக்கியது. முதுகுவலித் தைலக்காரரும் மடக்கு நாற்காலிக்காரரும் விளம்பரம் தந்தார்கள். வருமானம் சேர்ந்தது, கைக்குத்தான் வரவில்லை. சுயதொழில் சான்றிதழ் காட்டினால்தான் வங்கி விடுவிக்குமாம். சான்றிதழ் தருபவர் அதே அதிகாரி.

"அது வந்துட்டா நைட் டூட்டிய விட்டுடுவேன்" என்றார் மனைவியிடம்.

"ராத்திரி நீங்க வீட்ல இருந்தா திருடன்னு நினைச்சு நானே கத்திடுவேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அபூர்வமாக ஒருநாள் அதிகாரி காட்சி தந்தார்.

"தொழிற்கூடம் எங்க இருக்கு?"

"இந்தப் போன்லதான் சார்."

"தீப்பிடிச்சா வெளியேற ரெண்டு வழி இருக்கணுமே. சார்ஜர் ஓட்டை ஒண்ணுதானே இருக்கு?"

"மேல ஹெட்போன் ஓட்டை இருக்கு சார்."

அதிகாரி குனிந்து பார்த்துத் திருப்தியடைந்தார். "வருமானம் எப்ப வருது?"

"நான் தூங்கும்போதும் வந்துக்கிட்டே இருக்கும் சார்."

அவர் முகம் சுருங்கியது. "தூங்கிக்கிட்டே சம்பாதிக்கிற திட்டத்த ஏற்கெனவே எங்க துறை நடத்திட்டு வருது. வெளியாளுக்கு அனுமதி கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதிருக்கட்டும். எனக்கு மட்டும் எப்பப் பாரு சிவப்பு காட்டுதே, தொழில்நுட்பக் கோளாறா இருக்கும். சரி பண்ணிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்."

பம்ப்காரர் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினார். எதைத் தட்டினாலும் பச்சை.

மேலிடம் பூரித்தது. 'அல்லும் பகலும் இருக்கை அகலாது ஆற்றிவரும் அரும்பணி'க்காக அதிகாரிக்குக் கேடயம் வழங்கப்பட்டது. வருகைப் பதிவு ஒழிந்து, இனிச் செயலியே சாட்சி என்று ஆணை பிறந்தது. சிவப்பைப் பார்த்துத் திட்டிய ஜனம், பச்சையைப் பார்த்து ஐந்து நட்சத்திரம் போட்டது. நேரில் போய் ஏமாந்து திரும்பியவர்கள்கூட, "இப்பதான் டீக்கு எழுந்து போயிருப்பார், என் நேரம்" என்றார்கள்.

"பச்சைதானே காட்டுது? போய் வாங்கிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

அந்த வரியை எழுதியவரே எட்டிப் பார்த்தார். பச்சைதான். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நாற்காலி காலி.

"ஐயா எங்கண்ணே?" என்று பியூனைக் கேட்டார்.

"இருக்கார்."

"ஆளக் காணோமே!"

பியூன் போனைக் காட்டினார். "பாருங்க, பச்சை. இது அரசாங்கச் சாட்சி. உங்க கண்ணுக்கு ஏதாவது ஆணை பிறந்திருக்கா?"

"இத எழுதினதே நான்தாண்ணே. பொய் சொல்லுது!"

"பொய் சொல்ற செயலிக்கா சான்றிதழ் கேக்குறீங்க?"

பம்ப்காரர் காலி நாற்காலியைக் கை காட்டினார். பின்னால் நின்ற பெரியவர் அதட்டினார்: "அதான் இருக்காருன்னு சொல்றாங்கல்ல, வழிய விடுங்க!" காலி நாற்காலிக்குப் பணிவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மனுவை நீட்டியபடி நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.

சாயங்காலம் வீட்டில் மனைவி கேட்டாள்: "கிடைச்சுதா?"

"இருக்கார்" என்றார்.

அவள் நைட் டூட்டிக்கான சாப்பாட்டு டப்பாவைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடியைத் திருகி, பைக்குள் வைத்தார்.