குரங்கை உள்ளே வைத்துப் பூட்டினேன்

பயந்த மனிதன் கையில் பட்டன் வைத்த சாவியைக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளே, இதை நான் யாரையோ மனதில் வைத்துச் சொல்லவில்லை. என்னை நினைத்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். லிஃப்ட்டில் ஏறினால் கம்பி அறுந்துவிடுமோ என்று பயம். குக்கர் விசில் அடித்தால் அடுத்த விசில் வருமோ வராதோ என்று பயம். ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். ஐ.டி.ஐ. படிப்புதான். ஆனாலும் எங்கள் பிரிவில் பாதுகாப்பு உறுதிமொழியை உரக்க வாசிப்பது எப்போதும் நான்தான். (என்னைவிட அதிகமாகப் பயப்படுகிற ஆள் அங்கே கிடைக்கவில்லை, அதனால்.)

அப்படிப்பட்ட நான் ஒரு கார் வாங்கினேன். மாற்றலாகிப் போன ஒரு நண்பர் விற்ற பழைய கார். அதற்குக் கூரையில் ஒரு கண்ணாடி. பட்டனை அழுத்தினால் அது பின்னால் நகர்ந்து வானம் தெரியும். சன்ரூஃப். வண்டியோடு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் வந்தது. அதில் படங்களை மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன்.

என் மகள் யாழினி நாலாம் வகுப்பு. மகன் முகில் யூ.கே.ஜி. வண்டி வந்த அன்றே விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"அப்பா, நான் இதுல நின்னுக்கிட்டே வரட்டா?"

"கூடவே கூடாது. சடார்னு பிரேக் போட்டா நீ எங்க போய் விழுவ? மேல ஒயரு தொங்கும், கிளை அடிக்கும்."

"அப்போ கைய மட்டும்?"

"வெரலு மாட்டிக்கும்."

"அப்போ ஹோல் எதுக்கு?" என்றான் முகில்.

"காத்துக்கு" என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அடுத்ததாகப் பின்கதவு. ஓடுகிற வண்டியில் பிள்ளைகள் கதவைத் திறந்துவிட்டால்? கதவின் ஓரத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். சைல்ட் லாக். அதைத் தள்ளிவிட்டால் உள்ளே இருந்து அந்தக் கதவு திறக்காது, வெளியே இருந்துதான் திறக்கும். இரண்டு பின்கதவிலும் தள்ளிவிட்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். (நான் நிம்மதியாகத் தூங்கினால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது.)

தசரா வந்தது. வண்டிக்குப் பூஜை போட ஊருக்கு வெளியே ஒரு பாறைக் கோவிலுக்குப் போனோம். ஹைதராபாத் பாறைகளைத்தான் பார்த்திருப்பீர்களே, யாரோ அடுக்கிவைத்துவிட்டு மறந்து போன மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அந்தப் பாறைகளின் மேல் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. வண்டியை வரிசையில் நிறுத்துவதிலேயே என் உயிர் போய்க்கொண்டிருந்தது.

என் மனைவி செல்வி பூஜைச் சீட்டு வாங்கப் போனாள். பூஜைத் தட்டு முன் சீட்டில் இருந்தது. தேங்காய், பொரி, ஒரு சீப்பு வாழைப்பழம். டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் மட்டும் வாங்க வேண்டும். முகில் பின் சீட்டில் தூங்கிவிட்டான். கடை எதிரிலேயே இருந்தது.

"நீ தம்பியப் பாத்துக்க. அப்பா இந்தா வந்துர்றேன்" என்று யாழினியிடம் சொன்னேன்.

அப்போது என் பயம் வேலை செய்தது. பூட்டிய காருக்குள் பிள்ளைகளை விடக் கூடாது, மூச்சு முட்டும், சூடாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் சன்ரூஃபை முழுதாகத் திறந்துவிட்டேன். காற்றுக்குத்தானே ஓட்டை! யாராவது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அதனால் எல்லாக் கதவையும் பூட்டினேன். பிள்ளைகள் எதையாவது அழுத்திவிட்டால்? அதனால் சாவியை எடுத்துக்கொண்டேன். இவ்வளவு பத்திரமாக உலகத்தில் எந்த அப்பாவும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டான்.

எலுமிச்சம்பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், என் காரின் கூரையில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

சின்னக் குரங்கு இல்லை. தாடை தொங்கிய, சிவந்த முகத்துக் கிழட்டுக் குரங்கு. அது என்னை ஒரு பார்வை பார்த்தது. ஓட்டையைப் பார்த்தது. பிறகு, சொந்த வீட்டு மாடிப்படியில் இறங்குவதுபோல நிதானமாக உள்ளே இறங்கிவிட்டது.

உள்ளே இருந்து யாழினியின் அலறல் கேட்டது.

பிள்ளைகளே, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் கால் ஓடியதா, நான் ஓடினேனா தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் முன் சீட்டில் குரங்கு. பின் சீட்டில் யாழினி தம்பியைத் தன் மடிக்குள் இழுத்து, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறாள். முகில் விழித்துக்கொண்டான்.

"அக்கா, கோத்தி! கோத்தி!" (தெலுங்கில் குரங்கு. அவன் தமிழில் கத்தினால் மட்டும் நான் என்ன கிழித்திருக்கப் போகிறேன்?)

"கதவத் திற யாழு! எறங்கி ஓடி வாங்க!" என்று கத்தினேன்.

அவள் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். "அப்பா, சைல்ட் லாக் நுவ்வே கதா பெட்டாவு!"

நீதானே போட்டாய் என்று கேட்கிறாள். பயம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். எனக்குப் பயம் வந்தால் எந்த மொழியும் வராது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என் பலம் முழுவதையும் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்து ஒரு பட்டனை அழுத்தினேன். அழுத்தினேன் என்றால் விடவே இல்லை.

அது பூட்டுகிற பட்டன். அதை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் சன்ரூஃப் தானாக மூடிக்கொள்ளும் என்பது அந்தத் தடித்த புத்தகத்தில் எங்கேயோ எழுதியிருந்ததாம். என் கண் முன்னாலேயே அந்தக் கண்ணாடி அமைதியாக நகர்ந்து வந்து மூடிக்கொண்டது.

என் பிள்ளைகளையும் ஒரு குரங்கையும் ஒரே பெட்டிக்குள் வைத்து நானே மூடிவிட்டேன்.

அதுவரை குரங்கு பொரியைக் கூரை வரை இறைத்துவிட்டு, பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்ததும் மேலே பார்த்தது. வந்த வழியைக் காணோம். கையால் கண்ணாடியைத் தட்டியது. பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு ஸ்டியரிங் மேல் பாய்ந்தது. ஹாரன் அலறியது. அந்தச் சத்தத்துக்கு அது இன்னும் மிரண்டு, பின் சீட்டுப் பக்கம் திரும்பியது.

பக்கத்தில் தேங்காய் விற்கிறவர் என் தோளைத் தட்டினார். "கைக்கு சில்லாரே பாய்? நக்கோ டரோ. கேலா காக்கோ சலே ஜாதா!"

ஏன் கத்துகிறாய், பயப்படாதே, பழத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும் என்கிறார். எந்த வழியாகப் போகும், ஐயா? வழியைத்தான் நான் மூடிவிட்டேனே!

செல்வி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். உள்ளே ஒரு பார்வை. என் கையில் ஒரு பார்வை.

"என்னத்தங்க அமுக்கிக்கிட்டு நிக்கிறீங்க? கைய விடுங்க!"

"விட்டா..."

"விடுங்கங்கிறேன்ல!"

என் விரலைப் பிரித்துச் சாவியைப் பிடுங்கினாள். திறக்கிற பட்டனை அழுத்தி, முன் கதவை விரியத் திறந்து, கதவுக்குப் பின்னாலேயே ஒதுங்கி நின்றாள். "யாழு, அசையாம இரு. அத மொறச்சுப் பாக்காத. அதுவாப் போயிரும்."

குரங்கு ஒரு நொடி யோசித்தது. பிறகு மொத்தச் சீப்பையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வெளியே நேர் எதிரே நின்றது யார்? நான். என் நெஞ்சில் ஒரு கால் வைத்து, தோளில் ஒரு கால் வைத்து, பாறைக்குத் தாவிவிட்டது. நான் பொத்தென்று உட்கார்ந்தேன். கையில் இருந்த எலுமிச்சம்பழங்கள் எனக்கு முன்பே தரைக்குப் போயிருந்தன. அத்தனையும் எனக்கு அடியில் நசுங்கின.

செல்வி பின்கதவைத் திறந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டாள். ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. முகில் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, லெமன் நசுங்கிருச்சு. பூஜா ஓவரா?"

திரும்பி வரும்போது பாதி வழியில் யாழினி கேட்டாள்: "அப்பா, கோத்திக்கு பதிலா ஃபயர் வந்திருந்தா?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அவள் கேட்டது சரிதான். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு பூட்டுப் போட்டேன். பிள்ளைகள் எப்படி வெளியே வருவார்கள் என்று மட்டும் யோசிக்கவே இல்லை. கூரையைத் திறந்துவைத்தாலும் சரி, மூடிவைத்தாலும் சரி, பிள்ளைகளைக் காரில் தனியாக விட்டதே தப்பு. அதற்கு எந்த பட்டனும் கிடையாது.

அந்த வாரம் நால்வரும் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தோம். யாழினி வாசித்தாள், நான் கேட்டேன். சைல்ட் லாக் இன்னும் இருக்கிறது, வண்டி ஓடும்போது அது வேண்டும். ஆனால் பின்னால் மாட்டிக்கொண்டால் முன் சீட்டுக்குத் தாவி அந்தக் கதவைத் திறப்பது எப்படி என்று இருவருக்கும் பழக்கினேன். சன்ரூஃப் மூடும்போது ஏதாவது தட்டுப்பட்டால் தானாகவே திரும்பிவிடும் என்றும் அதில் போட்டிருந்தது.

"வெரல வச்சுப் பாக்கலாமா?" என்றான் முகில்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அதை யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளே. எந்த நேரத்தில் திரும்பும், எந்த நேரத்தில் திரும்பாது என்று விரலுக்குத் தெரியாது.

குரங்கு இறைத்த பொரி சன்ரூஃப் சட்டத்தின் மூலையில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்திருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. அடுத்த மழையில் செல்வியின் தலையில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. இப்போது மழைக்கு முன்னால் மெல்லிய துணியால் அந்தச் சட்டத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வது என் வேலை. யாரும் சொல்லாமலே செய்கிறேன்.

தசரா வருஷா வருஷம் வருகிறது. இப்போதெல்லாம் பூஜை எங்கள் வீட்டு வாசலிலேயே. செல்வி எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்பினால் கடைசி நேரத்தில் முகில் ஓடிப்போய் ஞாபகப்படுத்துவான்:

"அம்மா, அஞ்சு வாங்கு. நாலு டயருக்கு, ஒண்ணு அப்பா உக்கார."