புரட்டாசி சனிக்கிழமையும் முன்பணம் கட்டிய கோழியும்

பசியைவிடப் பொல்லாதது ஒன்று உண்டென்றால், அது ஏற்கெனவே காசு கட்டிவிட்ட சாப்பாடுதான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். காசு கட்டிய சாப்பாடு எதிரே இருந்தால் பசியே இல்லாவிட்டாலும் பத்தும் பறக்கும். அந்தப் பத்தில் முதலில் பறப்பது மானம். என்னுடையது எவ்வளவு உயரத்தில் பறந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவன். எங்கள் கேன்டீனில் டோக்கன் முறை. அன்றைய டோக்கனுக்கு அன்றே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. இத்தனை வருட சர்வீசில் நான் ஒரு டோக்கனை வீணாக்கியதாகச் சரித்திரம் கிடையாது. (ஜுரத்தோட போய் உக்காந்து துன்னுட்டு, அப்புறமா லீவு லெட்டர் குடுத்த ஆளு நான்.) இந்த வீர பரம்பரையில் வந்தவனிடம் ஒரு தீம் பார்க்கின் இணையதளம், "உணவுத் திட்டம் வேண்டுமா?" என்று கேட்டால் என்ன ஆகும்?

அதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்கா விஜயா ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறாள். விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபாக்டரிக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவள். மூச்சுவிட இடமில்லாத அந்தப் பெட்டியில் அவள் எப்படியோ உட்கார இடம் பிடிப்பாள். பிடித்த இடத்தைக் கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, நின்றபடியே பூண்டு உரிப்பாள். பெட்டியில் எந்த மொழியில் சண்டை வந்தாலும் அந்த மொழியிலேயே தீர்த்துவைப்பாள். இப்படித் தினமும் பெங்களூர் போகிறவள், பெங்களூரில் பார்த்தது ரயில் நிலையத்தையும் தையல் மெஷினையும் மட்டும்தான்.

எங்கள் அப்பா சுரங்கத் தொழிலாளி. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி ஷாஃப்ட் வழியாகப் பூமிக்குள் இறங்குவார். சின்ன வயதில் அக்கா அவரை விடமாட்டாள்.

"கேஜ் கீழ போறப்ப எப்டிப்பா இருக்கும்?"

"அது ஒன்னியும் இல்லம்மா. ஊஞ்சல் மாதிரிதான்."

பெண்களை அதில் ஏற்றுவதில்லை. பிறகு சுரங்கமும் மூடிவிட்டது, அப்பாவும் போய்விட்டார். கேள்வி மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டது.

போன வருடம் என் மகள் நிலா, பெங்களூர் தீம் பார்க்கில் இருக்கும் ஒரு கோபுரத்தை செல்போனில் காட்டினாள். ஆட்களை வரிசையாக நாற்காலியில் கட்டி உச்சிக்குத் தூக்கிப்போய், அங்கிருந்து அப்படியே கீழே விடுகிறார்கள். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"டேய், இது கேஜ் மாதிரியே கீதுடா. இத்துல ஒரு தபா என்ன ஏத்திடு. வேற ஒன்னியும் வோணாம்."

எனக்கு நினைவு தெரிந்து அக்கா என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. டிக்கெட் போட உடனே உட்கார்ந்துவிட்டேன். நல்ல தம்பி. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

உணவுத் திட்டம் பற்றிய கேள்வி வந்தது. காலை, மதியம், மாலை மூன்று வேளைக்கும் இப்போதே பணம் கட்டிவிடலாம். சைவம் தனி, அசைவம் தனி. என் மனைவி கலா யோசிக்கவே இல்லை.

"இன்னாங்க, பசிச்சா அங்கியே எதனா வாங்கி துன்னலாம். எதுக்கு முன்னாடியே கட்டிகினு?"

அக்கா கேட்டாள், "வெளையாட போறமா, துன்ன போறமாடா?"

இரண்டு பெண்கள் இரண்டு வரியில் தீர்த்த விஷயத்தை நான் ஒரு வாரம் ஆராய்ந்தேன். கேன்டீனில் ஒரு குழுவே கூடி விவாதித்தது. "அளவில்லாமன்னு போட்டுகீறான், விடாத" என்று தீர்மானம் நிறைவேறியது. கடைசியாக முடிவெடுத்த நாள் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முடிவெடுக்க நல்ல நேரம் பார்ப்பார்கள், நான் நல்ல குழம்பு பார்த்தேன். நால்வருக்கும் அசைவத் திட்டம். தேதி, தசரா விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. பணம் திரும்பக் கிடைக்காது என்று சிவப்பில் எழுதியிருந்ததை வீரத்தின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்தால், கலா கறிச்சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கலா, அத்த ஏன் மேல வைக்கிற?"

"நாளைக்கு புரட்டாசி பொறக்குது இல்ல?"

ஓடிப்போய் டிக்கெட்டைப் பார்த்தேன், தேதி புரட்டாசிச் சனிக்கிழமை. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஊரை விட்டாலும் பெருமாளை விட்டதில்லை. புரட்டாசி முழுக்க முட்டைகூட வாசற்படி தாண்டாது. சனிக்கிழமை என்றால் நெற்றி நிறைய நாமம் போட்டு, பூஜை முடித்து, "கோவிந்தா" சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. தசரா விடுமுறை புரட்டாசியை ஒட்டித்தான் வரும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஸ்டோர்ஸில் ஆணிக்கும் போல்ட்டுக்கும் கணக்கு வைப்பவனுக்குத் தெரியவில்லை.

பார்க்குக்கு போன் போட்டேன். மறுமுனையில் ஒரு பெண் தேன் குரலில், "நான்வெஜ் ப்ளான்ல வெஜ்ஜும் வரும் சார். மாத்தறதுதான் ஆகாது சார்" என்றாள்.

அக்காவிடம் சொல்ல பயந்துகொண்டே போனேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சோறு கீது இல்ல? தயிரு கீது இல்ல? அப்புறம் இன்னாடா? கோபுரம் எங்கனா ஓடிப்போவுதா?"

அந்தச் சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, பொங்கல் வைத்து, பூஜை முடித்து, எங்கள் நெற்றியில் நாமம் போட்டவளும் அவள்தான். "வூட்டு ஆம்பள, பெருசா போட்டுக்கோ" என்று எனக்குப் புருவத்திலிருந்து முடிவரை இழுத்துவிட்டாள். பார்க் வாசலில் மணிக்கட்டைப் பிடித்து, அசைவச் சாப்பாட்டுக்கான சிவப்புப் பட்டையை ஒட்டினார்கள். மேலே பெருமாள், கீழே கோழி. நான் அன்று முழுக்க அப்படித்தான் திரிந்தேன்.

காலை உணவு நேரத்தை விடக்கூடாது என்று முதலில் சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓட்டிப்போனேன். அங்கே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கோபுரத்துக்கு வருவதற்குள் வரிசை வளர்ந்துவிட்டது. வெயிலில் நின்றோம். அக்கா முன்னால் நிற்பவர்களோடு தெலுங்கிலும் பின்னால் நிற்பவர்களோடு கன்னடத்திலும் சொந்தமாகிவிட்டாள். ஒருவழியாக எங்கள் முறை நெருங்கியபோது ஒலிபெருக்கி பேசியது. மதிய உணவு நேரம் முடியப்போகிறதாம்.

"அக்கா, வா! துன்னுட்டு வந்துடலாம்!"

"டேய், இதோ ஏறப்போறோம்டா."

"கட்டியாச்சுக்கா!"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். வரிசையை விட்டு வந்தாள். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சாப்பாட்டுக்கூடத்தில் பிரியாணி வாசனை ஆளைத் தூக்கியது. பரிமாறுகிறவர் இடுக்கியில் ஒரு கோழிக்காலைத் தூக்கியவர், என் நெற்றியைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடியும் நெற்றியைப் பார்த்தார். கோழிக்கால் அந்தரத்தில் நின்றது.

"ஸ்வாமி, இது சிக்கன்" என்றார் மரியாதையாக.

மூலையைக் காட்டினார். அங்கே சாதம், பருப்பு, தயிர்சாதம், அப்பளம். அவற்றோடு குலாப் ஜாமூனும் ஐஸ்கிரீமும், இரண்டும் அளவில்லாமல். அந்தக் கணத்தில் எனக்குள் கேன்டீன் விழித்துக்கொண்டது. நான்கு பேர் சாப்பிடாத கோழிக்கு ஈடாக நான் ஒருவனே ஜாமூன் சாப்பிட்டுக் கணக்கை நேர் செய்வது என்று முடிவு செய்தேன். எனக்காக ஒரு கிண்ணம், கலாவுக்காக ஒரு கிண்ணம், அக்காவுக்காக, நிலாவுக்காக. பிறகு அதே வரிசையில் ஐஸ்கிரீம்.

"இன்னாங்க, போதும். ஜனங்க பாக்கறாங்க."

"நீ சும்மா இரு. கட்டியாச்சு."

"அப்பா, அந்த அங்கிள் உனக்குன்னே தனியா ஒரு டப்பா எடுத்தாறாரு" என்றாள் நிலா.

அக்கா இரண்டு வாய் தயிர்சாதத்தோடு கை கழுவிவிட்டு, கண்ணாடி வழியே கோபுரத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

மறுபடியும் வரிசையின் வாலில் நின்றோம். இப்போது வானம் கறுத்துவிட்டது. மழை விழுந்தால் கோபுரத்தை நிறுத்திவிடுவோம் என்று அதை இயக்கும் பெண் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா ஒவ்வொரு சுற்றையும் எண்ணியபடி வானத்தையே பார்த்தாள். முறை வந்தபோது நிலாவுக்கு உயரம் போதவில்லை, கலா அவளோடு கீழே நின்றுவிட்டாள். அக்காவைத் தனியாக அனுப்புவதா? நான் ஏறினேன். என் கடமை உணர்ச்சிக்குத்தான் அளவே கிடையாதே. பெல்ட்டைப் பூட்டுவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வியர்த்துவிட்டது. காலையில் இருந்த வயிறாக இருந்தால் சுலபமாகப் பூட்டியிருக்கும்.

நாற்காலிகள் எழும்பின. பாதி உயரம் போனதும் கீழே கலா எறும்பாகத் தெரிந்தாள். அடுத்து, கலாவுக்காக நான் சாப்பிட்ட ஜாமூன் மேலே வரத் தொடங்கியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். ஆனால் நான் நிறுத்தவில்லை. நால்வருக்காகவும் சாப்பிட்டதை நால்வருக்காகவும் வெளியேற்றினேன். பக்கத்து இருக்கைகளில் இருந்த இரண்டு கல்லூரிப் பையன்களைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. நாற்காலிகளை மெதுவாக, மிக மெதுவாக, பூப்போலக் கீழே இறக்கினார்கள். அக்காவுக்கு அந்த வீழ்ச்சி கிடைக்கவே இல்லை.

"க்ளோஸ், க்ளோஸ்" என்றாள் இயக்கும் பெண். சுத்தம் செய்ய ஆள் வர நேரமாகும், அதற்குள் மழை வந்துவிடும். வரிசையே என்னைப் பார்த்து முணுமுணுத்தது. நான் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். வாழ்நாளில் ஒன்றே ஒன்று கேட்டவள். அதையும் என் வயிறு கெடுத்துவிட்டது. அழுகை வந்தது. (நாமம் கரைஞ்சு மூக்குமேல வழியுது, அத்தோட அழுகை வேற.)

அக்கா முதலில் என்னிடம் வந்தாள். தன் துப்பட்டாவை நனைத்து என் முகத்தைத் துடைத்தாள். திட்டவில்லை. பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனாள்.

"இவனு நன்ன தம்மா கணம்மா. நாவே தொளீதீவி. ஒந்து பக்கெட் கொடி." இவன் என் தம்பி, நாங்களே கழுவிவிடுகிறோம், ஒரு வாளி கொடுங்கள் என்று கேட்டாள்.

"ஐயோ, நீவு பேடம்மா" என்று அவள் தடுத்தாள். அதற்குள் அக்கா வாளியைக் கையில் எடுத்துவிட்டாள். கலா தண்ணீர் கொண்டுவர, அக்கா ஒவ்வொரு இருக்கையாகத் தேய்த்துக் கழுவினாள். நடுவில் அந்தக் கல்லூரிப் பையன்களைக் குழாயடிக்கு அழைத்துப்போய், தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பினாள். முணுமுணுத்தவர்களில் இருவர் வந்து வாளி தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் முழுக்க அக்காவின் ரயில் பெட்டியாகிவிட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே கைகூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமாளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

இயக்கும் பெண் வானத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "ஒந்தே ரவுண்டு" என்றாள்.

அக்கா நடு இருக்கையில் உட்கார்ந்தாள். நாற்காலிகள் மேலே போய், உச்சியில் நின்றன. நிலா என் விரலை இறுக்கிக்கொண்டாள். சட்டென்று விழுந்தன. எல்லோரும் அலறினார்கள். அந்த அலறலுக்கு மேலே ஒரே ஒரு குரல்.

"கோவிந்தா!"

எங்கள் பழக்கப்படி ஒருவர் சொன்னால் கேட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும். அன்று சனிக்கிழமை என்று தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள் போலும். நாற்காலியில் இருந்தவர்களும் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து "கோவிந்தா!" என்று முழங்கினார்கள். முதல் தூறல் விழுந்தது.

அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடியும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா பொய் சொல்லிகீறார்டா."

"இன்னாக்கா?"

"ஊஞ்சல் மாதிரியாமே! உசுரே போயி வந்துச்சு. தெனமும் இப்டி போயிட்டு வந்து, ஒன்னியும் இல்லன்னு சொல்லிகீறாரு பாரு."

மழையில் நனைந்தபடி இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மாலைச் சிற்றுண்டிக்கான அறிவிப்பு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. என் சர்வீசில் வீணான முதல் டோக்கன் அதுதான்.

இந்தக் கதை நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அக்கா அதைத் திரும்பும் ரயிலிலேயே மூன்று மொழிகளிலும் சொல்லியிருக்கிறாள். இப்போது எந்த விருந்தில் நான் இலை முன்னால் உட்கார்ந்தாலும் ஒரு குரல் கேட்கும். போன மாதம் பேத்தமங்களாவில் ஒரு கல்யாணம். இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டினேன். பரிமாற வந்தவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அவர் குனிந்து, அக்கறையோடு கேட்டார்.

"அண்ணா, பெல்ட்டு போட்டுகினீங்களா?"

எதிர்ப் பந்தியில் அக்கா இலையைப் பார்த்துக் குனிந்திருந்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பந்தியே சிரித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உட்காருவதற்கு முன்பே மொய் எழுதிவிட்டிருந்தேன்.