புழு சேரும் ஐம்பது கிராம் ஈரலும்

இறைச்சியை வாயில் வைக்காத மனிதர் ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் மாட்டிறைச்சிக் கடை வரிசையில் நின்றார் என்றால், உலகத்திலேயே அது எங்கள் புழு சேர் ஒருவர்தான். திருக்கோவில் ஊர்ப் பக்கத்து ஆள், சுத்த சைவம். மருதமுனையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் ஊரில் அண்ணன் முறையெல்லாம் காக்காதான். கடைக்கார லெவ்வை காக்காவுக்கு அவரைக் கண்டாலே வியர்க்கும்.

"அம்பது கிராம் ஈரல் காக்கா."

"அம்பது கிராமா? தராசு அசையவும் காணாதே சேர்."

"காணும். இந்த மாட்டுக்குக் கிட்டடியில ஊசி கீசி போட்டதா?"

"அறுத்த மாட்டுக்கிட்ட நான் என்னெண்டு சேர் கேக்கிற?"

ஈரல் புழுவுக்கு. மேல்மாடியில் இருபது ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் நகத்தளவு நீளமான தட்டைப் புழுக்கள். எல்லாவற்றுக்கும் மாறுகண். நாலாக வெட்டினால் நாலு புழு. வெட்டிய இடத்தில் தலை முளைப்பதா வால் முளைப்பதா என்பதை உடம்பின் உயிர்க்கலங்கள் தங்களுக்குள் மின்சாரத்தால் கதைத்து முடிவுசெய்கின்றன என்பதுதான் சேரின் ஆராய்ச்சி. தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்து அந்தக் கதையைக் குழப்பிவிட்டார். வால் வர வேண்டிய இடத்தில் இன்னொரு தலை வந்தது. பிறகு வெறும் தண்ணீரில் வைத்து வெட்டினாலும் இரண்டு தலைதான். பரம்பரையலகில், அதுதான் ஜீனில், கை வைக்கவே இல்லை, உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது என்பார். கரண்ட் போகிற நாளெல்லாம் தெருவில் யாராவது மேலே பார்த்து, "சேர், புழுவிலயிருந்து ஒரு வயர் இழுத்துத் தாங்களன்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

லெவ்வை காக்கா மட்டும் கேலி செய்யவில்லை. அவருடைய இடது ஆள்காட்டி விரலில் பாதியை அவருடைய கத்தியே எடுத்திருந்தது.

"சேர், இது முளைக்குமா?" என்று ஒருநாள் விரலை நீட்டினார்.

"இன்னும் இல்ல காக்கா," என்றார் சேர்.

இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அந்த 'இன்னும்' காக்காவைப் பிடித்துக்கொண்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தன் குர்பான் மாட்டின் ஈரலை முழுதாக மேலே அனுப்பினார். புழுக்கள் ஒரு துளி தின்றன. மிச்சத்தை நாங்கள் ஆக்கித் தின்றோம்.

இனி என் கைங்கரியம். ஒரு செவ்வாய்க்கிழமை, டெங்குச் சோதனைக்குச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று செய்தி. அதைக் கேட்டால் எங்கள் ஊரில் கை தானாகவே சிரட்டை, சட்டி, பூச்சாடி எல்லாவற்றையும் கவிழ்க்கும். சேர் கம்பஸில். நெளிகிற உயிர்களோடு இருபது டப்பாத் தண்ணீர் என் வீட்டில் இருக்கிறது. டெங்கு பரப்பும் நுளம்பின் குடம்பி என்று எழுதினால் வழக்கு என் பெயரில் வரும். சேரையும் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருபதையும் வாழையடியில் ஊற்றினேன்.

பி.எச்.ஐ. மேலே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "எங்க காக்கா புழுவெல்லாம்?"

"ஒண்டுமில்ல, எல்லாம் சுத்தம்," என்றேன் பெருமையாக.

"என்ன வேல பாத்தீங்க? சேர் போன கிழமையே ஒபிசுக்கு வந்து எழுதித் தந்திட்டாரே. ரெண்டு தலைப் புழுவப் பாக்கத்தானே நான் படியேறி வந்த."

சேர் வந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வாழையடியில் குந்தி, தேக்கரண்டியால் சேற்றைக் கிளறினார்.

"மூணு வருசமா வெட்டி வெட்டி வளத்தது," என்றார். "ரெண்டு தலைப் புழுவ வேற எங்கயும் எடுத்து வைக்கல்ல."

செய்தி கேட்ட லெவ்வை காக்கா கடையைச் சாத்திவிட்டு ஈரலோடு வந்தார். கவிழ்ந்து கிடந்த டப்பாக்களை நிமிர்த்தி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீரும் துளி ஈரலும் விட்டுக் காவல் இருந்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், இரண்டு தலைப் புழுக்கள் இருந்த பதினேழாவது டப்பாவின் மூலையில் ஒட்டிக் கிடந்த ஏதோ ஒன்று ஈரலை நோக்கி ஊர்ந்தது.

"சேர், ஒரு தலைப் பக்கம்தான் இரிக்கி. மத்தப் பாதி அறுந்து போச்சு."

"காணும் காக்கா. பாதி காணும்."

காக்கா தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இரண்டு கிழமையில் அந்தப் பாதிக்கு மற்றத் தலையும் முளைத்தது. பி.எச்.ஐ.யும் திரும்பப் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

போன வருசம் சேர் வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்குப் போய்விட்டார். காக்காவுக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா தந்தார். என்னுடையதன் மூடியில் மட்டும் 'ஊற்றக் கூடாது' என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான்தான் வரிசையில் நின்று ஐம்பது கிராம் கேட்கிறேன்.

மனிதரும் அந்தப் புழுவைப் போல இரண்டாகிற சாதி என்றால், ஒரு சேரை அனுப்பிவிட்டு மற்றவரை எங்களோடு வைத்திருப்போம். மேல்மாடி வாடகைக்குக் கிடைக்குமா என்று ஆட்கள் வந்து கேட்கிறார்கள். இன்னும் இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.