ஸ்விட்ச் இல்லாத பெஞ்சு

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள உங்கம்மாவை என்கிட்ட பேச வைக்கலைன்னா, மைக் செட்டை எடைக்குப் போட்டுட்டு நான் சாமியாராப் போயிடறேன்!"

மொட்டைமாடியில் நின்று அப்பா என்னிடம் ரகசியமாகச் செய்த சபதம் இது. அப்பாவின் ரகசியம் அடுத்த தெருவரைக்கும்தான் கேட்கும். காலமெல்லாம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்குக் காது மந்தம்.

"நீங்க சாமியாராப் போனா யாருக்கு நஷ்டம்?" என்றேன்.

"வாயை மூடு. நீ என் பக்கமா, அவ பக்கமா?"

"நான் திங்கக்கிழமை பக்கம்."

திங்கட்கிழமை நான் ஊரை விட்டுப் போகிறேன். வேறு ஊரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. கடைக்கு மேலேயே தங்க இடம். பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்ற விசாரணை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. ஊருக்குப் போகும்வரை சும்மாதானே இருக்கிறேன் என்று எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. ஒரு மாதத்துக்கு மேலாக அம்மா அப்பாவோடு பேசுவதில்லை. நடுவில் ஒயர் மாதிரி நான்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது."

அப்பா அம்மாவுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, சாப்பாடு ஆறுது."

"உப்பு கம்மின்னு சொல்லு."

"அம்மா, உப்பு கம்மி."

"வாயில வைக்கறதுக்கு முன்னாடியே எப்படித் தெரியுமாம்?"

"எப்படிப்பா தெரியும்?"

"இத்தனை வருஷ அனுபவம்னு சொல்லு."

அதை நான் சொல்லவில்லை. சிலதை நான் வழியிலேயே விழுங்கிவிடுவேன். இல்லையென்றால் வீட்டில் பாத்திரம் மிஞ்சாது.

ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விடுகிறவர் வீட்டில் சத்தமே இல்லை. ஏன் என்று அம்மாவைக் கேட்டால், "அவருக்கே தெரியும்" என்பாள். அவரைக் கேட்டால், "சத்தியமா எனக்குத் தெரியாது" என்பார். அவர் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே தெரியாது என்று தெரியும். அதுதான் இன்னும் கோபம் வரவைக்கிற முகம்.

போன வாரம் அம்மா ஒரு பெரிய பையை எடுத்துவந்து கூடத்தில் வைத்தாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. நானும் உன்கூடவே வந்துடறேன். இங்க எனக்கு என்ன வேலை?"

நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. காது மந்தமான மனுஷனுக்கு இது மட்டும் ஸ்பஷ்டமாகக் கேட்டுவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் எனக்காகத்தான் பயந்தேன். ஆறு பெண்கள் தங்கும் அறையில் அம்மாவை எந்த மூலையில் நிறுத்துவேன்? அப்புறம்தான் அவர் ஞாபகம் வந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே, ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற அப்பா. நினைக்காமலே இருந்திருக்கலாம்.

"சரி, என்ன திட்டம்?" என்றேன் மொட்டைமாடியில்.

திட்டம் கடலோரப் பூங்காவில் இருந்தது. ஒரு காலத்தில் அது முழுக்க ஒரு பணக்காரர் வீட்டுத் தோட்டமாம். அவர் கடல் பார்க்க வசதியாகக் கல்லில் அரைவட்டமாக ஒரு நீள பெஞ்சு கட்டியிருக்கிறார். அதற்குச் சுவர் மாதிரி உயரமான முதுகு. ஒரு விழாவுக்கு மைக் கட்டப் போனபோது அங்கே இருந்த காவல்காரர் அப்பாவுக்கு அதன் வித்தையைக் காட்டியிருந்தார்.

"ஒரு முனையில உட்கார்ந்து முணுமுணுத்தா, சத்தம் சுவரோடயே வளைஞ்சு போய் அந்த முனையில காதுக்குள்ள விழுது! ஒயர் இல்ல, கரண்ட் இல்ல! நீ இந்த முனையில அவளை உட்கார வெச்சு, கோபத்துக்குக் காரணத்தைக் கேளு. நான் அந்த முனையில மறைஞ்சு உட்கார்ந்து கேட்டுக்கறேன். அவ கேக்காமலே சரி பண்ணிடுவேன். அசந்துபோய் அவளே பேசுவா."

"நேராப் போய் மன்னிச்சுக்கோன்னு சொல்லிடலாமே."

"எதுக்குன்னு தெரியாம மன்னிப்புக் கேட்டா, பண்ணாததுக்கும் சேர்த்துப் பில் போட்டுடுவா. உனக்கு உங்கம்மாவைத் தெரியாது."

ஊருக்குப் போகும்முன் கடல் பார்க்க வேண்டும் என்று நான் அழுவது மாதிரி நடித்தேன். அம்மா கிளம்பினாள். பஸ்ஸில் அம்மா முன்னால், அப்பா பின்னால், நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

பூங்காவின் கேட்டுக்குக் கதவு இல்லை. பெரிய தூண்கள் இரண்டு மட்டும் யாரையும் தடுக்காமல் நின்றன. உள்ளே புல்வெளியில் பிள்ளைகள் உருண்டார்கள். நீரூற்றில் தண்ணீர் இல்லை, காய்ந்த இலைகள். ஒரு கல் பொம்மைக்கு மூக்கு இல்லை. நடுவில் அந்த வீடு. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்து, வாசலில் பூட்டு. இத்தனை கூட்டம் வெளியே, உள்ளே ஒருத்தரும் இல்லை. அம்மா அதன் முன்னால் நின்றாள்.

"எவ்வளவு பெரிய வீடு. பேச ஆளே இல்ல" என்றாள்.

என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அப்பா அதற்குள் கழிப்பறை பக்கம் போவதாகச் சைகை காட்டிவிட்டு, செடிகளுக்குப் பின்னால் குனிந்து குனிந்து ஓடினார். அவர் உடம்புக்கு அது மறைவாகவே இல்லை.

பெஞ்சு கடலைப் பார்த்து இருந்தது. இந்த முனையில் அம்மாவை உட்காரவைத்தேன். அந்த முனை நல்ல தூரம். அங்கே ஒரு பெரிய கல் தொட்டிக்குப் பின்னால் அப்பாவின் முழங்கால் மட்டும் தெரிந்தது. அம்மா கழுத்து வலிக்கிறது என்று தலையைக் கல்லில் சாய்த்தாள். நான் முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து ஆரம்பித்தேன்.

"அம்மா, நிஜமாச் சொல்லு. அப்பாமேல உனக்கு என்ன கோபம்?"

அம்மா வாயைத் திறந்தாள். சட்டென்று மூடினாள். தலையை நிமிர்த்தினாள். கல்லைப் பார்த்தாள். தூரத்து முழங்காலைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. காத்து."

மறுபடி சாய்ந்துகொண்டாள். இந்தத் தடவை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"கோபம் கிடக்கட்டும். தொண்டை வறண்டுபோச்சு. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்க ஒரு நாதி உண்டா எனக்கு?"

கொஞ்ச நேரத்தில் அப்பா மூச்சு வாங்க எதிரில் நின்றார், கையில் தண்ணீர் பாட்டிலோடு. "அம்மாகிட்ட குடு. எதேச்சையா வாங்கினேன்னு சொல்லு." என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மறுபடி காணாமல் போனார்.

அம்மா குடித்தாள். வாயைத் துடைத்தாள். மறுபடி சுவரோடு பேசினாள்.

"வெயில்ல வந்தது மண்டை காயுது. ஐஸ்கிரீம் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு."

எதேச்சையாக ஐஸ்கிரீம் வந்தது. ஒன்றே ஒன்று. நான் அந்தக் குடும்பத்தில் இல்லை போலிருக்கிறது.

"கட்டில் பக்கத்துல ஒரு ஸ்பீக்கர் பெட்டி நிக்குதே, பீரோ மாதிரி. அதைக் கட்டிக்கிட்டா நான் குடும்பம் நடத்தறேன்?"

அப்பா ஓடி வந்தார். இப்போது நெற்றியெல்லாம் வியர்வை. "அந்தப் பெரிய பெட்டியை நாளைக்கே குடோனுக்கு அனுப்பறேன்னு சொல்லு. எதேச்சையாத் தோணிச்சுன்னு சொல்லு." மறுபடி கண்ணடித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. தானே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்ட மாதிரி துள்ளிக்கொண்டு திரும்பிப் போனார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, நான் காரணத்தைக் கேட்டேன். மெனுவைக் கேக்கல."

அம்மா சிரிக்கவில்லை. ஐஸ்கிரீம் குச்சியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். கடலைப் பார்த்தபடி, தலை கல்லில் சாய்ந்தபடி, மெதுவாகச் சொன்னாள்.

"சித்தி மக கல்யாணத்துல நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். உங்கப்பா மேடை ஸ்பீக்கரை மட்டும் அணைச்சாரு. சாப்பாட்டுக் கூடத்துல ஒரு ஸ்பீக்கர் கட்டினதை மறந்துட்டாரு. வேன் டிரைவர், 'வீட்டுக்குப் போகலையாண்ணே'ன்னு கேட்டாரு. இவரு, 'போய் என்ன பண்றது, அங்க பேச ஆளே இல்ல'ன்னாரு. பந்தி முழுக்கக் கேட்டுது. என் இலைக்குப் பரிமாற வந்தவர் என்னைப் பார்க்காம பரிமாறிட்டுப் போனாரு."

அம்மா கைக்குட்டையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"காலையில எழுந்ததுலேருந்து படுக்கற வரைக்கும் அந்த மனுஷன்கிட்ட பேசிக்கிட்டே இருந்தவ நான். பேச ஆளே இல்லையாமே. சரி, ஆளே இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு பார்க்கட்டும்னு விட்டுட்டேன்."

தண்ணீர் வரவில்லை. ஐஸ்கிரீம் வரவில்லை. தொட்டிக்குப் பின்னால் முழங்கால் அசையவே இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அவரைப் பார்க்க எழுந்தேன். பாதி தூரத்தில் அவர் எழுந்திருப்பது தெரிந்தது. பெஞ்சின் நடுவிலேயே உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் பார்த்தால் அம்மா, காதைக் கல்லில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் பார்த்தால் அப்பா, தொட்டிக்கு வெளியே வந்து, சுவரோடு முகத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வாய் அசைவது தெரிந்தது. அப்புறம் அம்மாவின் வாய் அசைந்தது. அப்பா தலையை ஆட்டினார். வீட்டில் மூன்று தடவை கத்தினால்தான் கேட்கும் அவருக்கு.

நானும் காதைக் கல்லில் வைத்தேன். கல் சூடாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் எந்த வழியாகப் போனதோ, நடுவில் இருந்தவளைத் தொடாமல் போனது. எனக்குக் கேட்டதெல்லாம் கடல்தான். ஒரு மாதமாக இவர்கள் இரண்டு பேருக்கும் வாயாக இருந்தவள் நான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் அப்பாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின் சீட்டில், யாரோ ஒருவருடைய சாமான் மூட்டைக்குப் பக்கத்தில்.

"அங்க என்னப்பா பேசினீங்க?"

"உனக்கெதுக்கு?" என்றார்கள், இரண்டு பேரும் சேர்ந்து.

அப்பா வெற்றியோடு என் பக்கம் திரும்பினார். "பார்த்தியா? சொன்ன மாதிரியே முதல்ல பேசினது யாரு? உங்கம்மா!"

"அப்படியா?" என்றாள் அம்மா. "நான் தலையைச் சாய்ச்சதும் சாய்க்காததுமா, 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்'னு என் காதுல பேசினது யாரு? உங்க தாத்தாவா?"

அப்பாவின் முகம் கரண்ட் போன கல்யாண மண்டபம் மாதிரி ஆனது.

"அது... உட்கார்ந்த உடனே... பழக்க தோஷம்."

"மைக்குன்னா ஸ்விட்ச் இருக்கும். கல்லுக்கு ஏது ஸ்விட்ச்? அங்கேருந்து இங்க கேட்டா, இங்கேருந்து அங்க கேக்காதா?"

"அப்ப தண்ணி, ஐஸ்கிரீம் எல்லாம்...?"

"பெட்டி நாளைக்குப் போகணும்."

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இருந்த பையை நான்தான் திறந்தேன். அம்மாவின் புடவைகளைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டு, என் துணியை அதில் அடுக்கலாம் என்று. உள்ளே புடவை ஒன்றுகூட இல்லை. எனக்கு வாங்கிய புதுத் துணிகள், ஒரு தலையணை, நான் கேட்காத ஒரு போர்வை. எல்லாம் ஒரு வாரமாக அதிலேயே இருந்திருக்கிறது.

அப்பா எட்டிப் பார்த்தார். "அப்ப நீ போறதாவே இல்லையா?"

"நான் எங்க போறது?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

அம்மா வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். இருந்தாலும் பையை மூடும்போது ஜிப் சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன், அம்மாவுக்குக் கை எட்டும் தூரத்தில். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, திரும்பாமல், கரகரத்த குரலில் சொன்னாள்.

"என்னங்க, அவகிட்ட சொல்லுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு."