பொட்டு வைத்த ரிவால்வர்

பயந்தவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகாது. பயத்துக்கு ஒரு துணை கிடைக்கும், அவ்வளவுதான். முன்பு நான் திருடனுக்கு மட்டும் பயந்துகொண்டிருந்தேன். ரிவால்வர் வாங்கிய பிறகு திருடனுக்கும் பயந்தேன், ரிவால்வருக்கும் பயந்தேன், அதைப் பிடித்திருக்கும் என் கைக்கும் பயந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். (அதற்கும் பயம்தான் காரணம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரின் பிரம்பைப் பற்றி எட்டாவதிலேயே கேள்விப்பட்டிருந்தேன்.) சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி, ஆங்கிள், தகடு விற்கும் சின்னக் கடை. வீடு திருவொற்றியூரில். ஒரு நாள் பட்டப்பகலில் வசூலோடு வண்டியில் வரும்போது இரண்டு பேர் கத்தியைக் காட்டி என் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வசூல் என் பனியனுக்குள் இருந்தது. பையில் இருந்தது காலி டிபன் பாக்ஸும் கொஞ்சம் ஊறுகாயும். நஷ்டம் அவர்களுக்கு, தூக்கம் போனது எனக்கு.

துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு எதிரி யார்னா கீறாங்களா?"

"இல்ல சார். ஆனா வருவாங்கன்னு தோணிகினே கீது."

எத்தனையோ மேஜை, எத்தனையோ கையெழுத்து தாண்டி உரிமம் வந்தது. ஊருக்கு வெளியே இருந்த சுடும் களத்தில் ஒரு கோச்சம்மாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார். அந்தத் தணிந்த குரலுக்குத்தான் எல்லோரும் நடுங்குவார்கள். முதல் நாளே சொல்லிவிட்டார்:

"துப்பாக்கியில குண்டு கீதுன்னே எப்பவும் நெனைச்சுக்கோ. காலின்னு தெரிஞ்சாலும் மனுஷன் பக்கம் திருப்பாதே. சுடப்போற நேரம் வரைக்கும் விரல் வெளியே இருக்கணும். அப்புறம், எவனாச்சும் வந்தா மொதல்ல ஓடு. ஓட வழியே இல்லன்னாதான் இது."

ஓடுவதற்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. அதில் நான் பிறவிக் கலைஞன்.

வருடத்துக்கு ஒரு முறை அவர் முன்னால் துப்பாக்கியைச் சரியாகக் கையாண்டு காட்ட வேண்டும். காட்டினால் ஒரு கடிதம் தருவார். அந்தக் கடிதத்தையும் சேர்த்து வைத்துத்தான் உரிமத்தைப் புதுப்பிக்க மனுக் கொடுப்பதாக இருந்தேன். அது இல்லாவிட்டால் இத்தனை நாள் பட்ட பாடும் கடலில் கரைத்த பெருங்காயம்.

இடுப்பில் ரிவால்வரோடு நான் கடைக்குப் போன முதல் நாளைச் சொல்லாமல் விடக் கூடாது. சட்டையை வெளியே விட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து, கண்ணாடிப் பாத்திரம் சுமப்பவனைப்போல நடந்தேன். தெருமுனை மீன்காரம்மா கூடையை இறக்கிவிட்டுக் கேட்டார்: "இன்னா நைனா, ஒருக்களிச்சிகினு போற? மூலமா?"

ரகசியம் காக்க வேண்டுமே. "ஆமாம்மா" என்றேன். அன்று முதல் எனக்கு மட்டும் காரம் வேண்டாம் என்று அவரே தெருவெல்லாம் சொல்லிவைத்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே கடைப் பூஜை முடிந்தது. தராசு, கட்டிங் மெஷின், லோடு வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வீட்டுக்கு வந்தால் என் மனைவி செல்வி தையல் மெஷினுக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"இந்த வூட்ல நெஜமான ஆயுதம் ஒண்ணே ஒண்ணுதான் கீது. அத்த மட்டும் பீரோவுல பூட்டி வச்சிட்டு, கத்தரிக்கோலுக்குப் பூ வச்சா சாமி இன்னா நெனைக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. பீரோவைத் திறந்தேன். ஆறு குண்டுகளையும் எடுத்தேன். எண்ணினேன். வேறு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சந்தேகம் வந்தது. திறந்து மறுபடி எண்ணினேன்.

"எத்தினி வாட்டி எண்ணுவே? குட்டி போடுமா அது?" என்றாள் செல்வி.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. செல்வி ஊதுபத்தியை வழக்கம்போல வாழைப்பழத்தில் செருகினாள். பழம் நன்றாகக் கனிந்திருந்தது. ஊதுபத்தி சாய்ந்தது. அந்தப் பக்கம் திரைச்சீலை. திரைச்சீலைக்கு அப்பால் சமையலறை. சமையலறையில் சிலிண்டர். ஒரே நிமிடத்தில் என் மனக்கண்ணில் திருவொற்றியூர் முழுவதும் எரிந்து முடிந்து, தீயணைப்பு வண்டி எண்ணூரிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

ஊதுபத்தி நேராக நிற்க உறுதியான, இரும்பாலான, தீப்பிடிக்காத ஒரு பொருள் வேண்டும். எதிரிலேயே இருந்தது.

ஒரு படி நிறையப் பொரி போட்டு, அதில் ரிவால்வரின் கைப்பிடியைப் புதைத்து, குழாயை மேல்நோக்கி நிறுத்தினேன். அதற்குள் இரண்டு ஊதுபத்திகளைச் செருகினேன். ஆடக் கூடாதல்லவா? சுற்றிலும் சந்தனத்தைக் குழைத்து நன்றாக அடைத்தேன். (கொத்தனார்கூட அவ்வளவு அழகாகப் பூசியிருக்க மாட்டார்.)

அப்போதுதான் கோச்சம்மாவின் குரல் காதில் கேட்டது. காலியானாலும் மனுஷன் பக்கம் திருப்பாதே. நிமிர்ந்து பார்த்தேன். குழாய்க்கு நேர் மேலே ஆரோக்கியம் அண்ணன் குடும்பம் குடியிருந்தது.

மாடிக்கு ஓடினேன். "அண்ணே, ஒரு அரை மணி நேரம் குடும்பத்தோட பீச்சுக்குப் போயிட்டு வாங்களேன். காத்து சோக்கா கீது."

"மத்தியானம் பன்னெண்டு மணிக்காடா?"

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் முகம் வெளுத்தது. "லோடு பண்ணிக்கீறியா?"

"இல்லண்ணே. நாலு வாட்டி பாத்துட்டேன்."

"அப்பறம் நாங்க எதுக்குடா போவணும்?"

"ரூல்ஸ் அண்ணே."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஐந்து பேரும் இரண்டு குடைகளோடு படியிறங்கிப் போனார்கள். கற்பூரம் காட்டி முடிக்கும்வரை வெயிலில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக் கூடாது. மறுநாள் எடுத்தபோது ஊதுபத்தி எரிந்து தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே இருந்த சந்தனத்தைத் துடைக்கப் போனால், "பொட்டை அழிக்காத, அது தானா உதிரணும்" என்று செல்வி தடுத்தாள். பொட்டோடு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த ஞாயிறுதான் கோச்சம்மாவிடம் காட்ட வேண்டிய நாள்.

களத்தில் வரிசையாக நின்றோம். எனக்குப் பக்கத்தில் கம்பீரமான மீசையோடு ஒரு வங்கிக் காவலர். கோச்சம்மா என் முன் வந்தார்.

"காலின்னு காட்டு."

உருளையைத் திறந்து ஆறு ஓட்டைகளையும் காட்டினேன். "ஏழு வாட்டி பாத்துட்டேன் மேடம்."

"இன்னாய்யா, பொட்டு வச்சிகினு வந்திருக்கு?"

"ஆயுத பூஜை மேடம்."

அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. "தப்பில்ல." நான் மூச்சு விட்டேன். அவர் ரிவால்வரை வாங்கி, பின்பக்கம் சின்ன டார்ச்சைப் பிடித்து, குழாய் வழியாகப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"வெளிச்சமே வரல."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

அவர் துடைக்கும் கம்பியை உள்ளே விட்டு அழுத்தினார். மேஜைமேல் விழுந்தன: கல்லாக இறுகிய சந்தனக் கட்டி, சாம்பல், இரண்டு மூங்கில் குச்சித் துண்டுகள், எப்படிப் போனதென்று இன்றுவரை தெரியாத ஒரு பொரி. களம் முழுக்க மல்லிகை ஊதுபத்தி வாசனை பரவியது. வங்கிக் காவலர் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். கோச்சம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இத்தோட சுட்டிருந்தா குழா வெடிச்சி உன் மூஞ்சிக்கும் வந்திருக்கும், பக்கத்துல நிக்கிறாரே, இவர் மூஞ்சிக்கும் வந்திருக்கும்." காவலர் சட்டென்று மீசையைப் பொத்திக்கொண்டார். "ஏழு வாட்டி பாத்தேன்னியே, எங்க பாத்தே?"

"குண்டு இருக்கற எடத்துல மேடம்."

"ஏழு வாட்டியும் அதே எடம். பயப்படறது நல்லதுதான்யா. ஆனா நீ ஒரே எடத்தைப் பாத்துப் பாத்துப் பயப்படற. பயத்தை நாலா பக்கமும் அனுப்பணும்."

என் வாழ்க்கையில் எல்லோரும் என் பயத்தைக் குறை சொல்லியிருக்கிறார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கடிதம் கிடைக்கவில்லை. ஆறு ஞாயிறு முதலிலிருந்து வரச் சொன்னார். சுடுவது கிடையாது, களத்துத் துப்பாக்கிகளைக் கழற்றுவது, பார்ப்பது, துடைப்பது மட்டும். அதுவரை என்னுடையதை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார். அங்கே வாங்கிக்கொண்ட ஏட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "கோயில்லேர்ந்து நேரா வர்றியா?" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டில் துப்பாக்கி இல்லாத அந்த ஆறு வாரமும் நான் குறட்டை விட்டுத் தூங்கினேன்.

ஏழாவது ஞாயிறு, ஸ்டேஷனிலிருந்து திரும்ப வாங்கிவந்த என் ரிவால்வரின் உருளை, குழாய், முனை, பின்னால் யார், பக்கத்தில் யார் என்று எல்லாம் பார்த்துவிட்டு, "காலி மேடம்" என்றேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர் முதன்முறையாகச் சிரித்தார். அவ்வளவு நாள் அடக்கிவைத்த சிரிப்பு போலிருக்கிறது, கையெழுத்தே கோணிவிட்டது.

களத்து அறிவிப்புப் பலகையில் இப்போது கடைசியாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "பூஜையில் வைத்த ஆயுதம் என்றால் முன்கூட்டியே தெரிவிக்கவும்."

வீட்டில் இப்போது பொட்டு பீரோக் கதவுக்கு மட்டும்தான். ஊதுபத்திக்குப் பித்தளை ஸ்டாண்டு வாங்கிவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் சரியாகப் பதினொன்றரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். ஆரோக்கியம் அண்ணன் குடும்பத்தோடு, குடையோடு, வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா நைனா, பீச்சுக்குப் போவணுமா? இல்ல, சுண்டல் சாப்புட உள்ள வரலாமா?"