மஞ்சள் சாயமும் நான் சொன்ன பொய்யும்

அன்பு அக்கா ஆஸ்தாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்து, கோழிகள் ஒழுங்காக முட்டையிட்டு, தீவில் காற்றும் அடங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தம்பி ஹோல்கர் எழுதுவது. நானும் என் மனைவி குட்ருனும் நலம். நான் மட்டும் நேற்று முழுக்க மஞ்சளாக இருந்தேன்.

அடுத்த மாதம் உனக்கும், நேற்று நான் போன மருத்துவமனையிலேயே, எனக்கு எடுத்த அதே கண் படம் எடுக்க நாள் குறித்திருக்கிறார்களாமே. அக்கா, போகாதே.

மூன்று வாரமாக என் இடது கண்ணுக்கு நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரிகிறது. சர்ச் கோபுரமே குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிறது. கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றி, அது கண்ணுக்குள் ஓடுவதைப் படம் பிடித்தால் ரத்தக் குழாய் எங்கே கசிகிறதென்று தெரியும் என்றார் டாக்டர். விபெக்கே என்கிற நர்ஸ், முப்பது வயதிருக்கும், படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்: "முன்னாடி இந்தச் சாயம் போட்டு ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா, கேப்டன்?" மூன்று வருடம் முன்பு வேறு ஊரில் இதே சாயத்துக்கு எனக்கு உடம்பெல்லாம் தடித்தது. ஆனால் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கண் போய்விடும் என்று பயம். தவிர, தீவுக்கும் கரைக்கும் நாற்பது வருடம் படகு ஓட்டியவன் ஒரு சின்னப் பெண்ணிடம் போய் "எனக்கு அரிக்கும்மா" என்பதா? "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

ஊசி ஏறியது. மோவாயைப் படக் கருவியின் தாங்கியில் வைத்தேன், பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. "வாயைத் திறந்து மூச்சை நல்லா இழுத்து விடுங்க, நிறைய பேருக்கு வர்றதுதான், ஒரு நிமிஷத்துல போயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். காலையில் தின்ற கறுப்பு ரொட்டி, அதில் தடவிய ஈரல் விழுது, எல்லாம் அதில் வந்து விழுந்தது. புயலில்கூட வாந்தி எடுக்காதவன் அக்கா, அசையாத நாற்காலியில்! அதோடு விட்டதா? கழுத்து அரித்தது, கை தடித்தது, தொண்டையை யாரோ கயிறு போட்டு இறுக்கினாற்போல் ஆயிற்று. "தொண்டை" என்றேன், அதற்குமேல் பேச்சு வரவில்லை. அவள் கத்தவில்லை. மணியை அழுத்தினாள், நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கி வைத்தாள், கால்சட்டையோடு சேர்த்துத் தொடையில் ஓர் ஊசியைக் குத்தினாள், மூக்கில் பிராணவாயுக் குழாயை மாட்டினாள். குட்ருன் கீழே காப்பிக் கடையில் எனக்கென்று பாதி பன்னைத் தாளில் சுற்றி வைத்திருப்பாள், அதை இனி யார் தின்பது என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

மூச்சு திரும்பியது. டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் விபெக்கே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இது முதல் தடவையா?"

"இல்லம்மா."

"அப்பவே சொல்லியிருந்தா சாயமே இல்லாம வேற மாதிரி எடுத்துப் பாத்திருப்போமே. அந்த மெஷின் அடுத்த ரூம்லதான் இருக்கு."

அவள் திட்டவில்லை. என் சட்டையில் சிந்தியிருந்த வாந்தியை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா.

சாயங்காலம் வரை படுக்க வைத்திருந்தார்கள். குட்ருன் வந்து, "அடப்பாவி மனுஷா, பொய் சொல்ல உனக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்றாள். அப்புறம் வீடு வரும்வரை என் மஞ்சள் கையை விடவில்லை.

ஆகவே நீ போகவே போகாதே. ஊசி, சாயம், நாற்காலி எதுவும் நம் குடும்பத்துக்கு ஒத்துவராது. கடவுள் உன்னை வைத்தியர்களிடமிருந்து காப்பாராக.

உன் தம்பி,
ஹோல்கர்

பி.கு.: டாக்டர் இப்போதுதான் ஃபோன் செய்தார். நான் வாந்தி எடுப்பதற்கு முன் விழுந்த ஏழெட்டுப் படத்திலேயே கசிகிற இடம் தெளிவாகத் தெரிகிறதாம். திங்கட்கிழமை சிகிச்சை தொடங்குகிறார்கள். பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். அதனால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, போ அக்கா. விபெக்கே இருக்கிற நாளாகக் கேட்டு வாங்கு. இறால் தின்றால் உனக்கு உதடு வீங்குமே, அதையும் சொல்லிவிடு. கூச்சமாக இருந்தால் நானே கூட வந்து சொல்கிறேன். உன் உடம்பைப் பற்றி என்றால் எனக்கு உண்மை தாராளமாக வரும்.