பத்துக் கோடி வருஷத்துத் தீட்டு

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
17-2-1936

பத்திராதிபர் ஐயா அவர்களின் சமுகத்துக்கு, அம்மை குத்தும் அப்பாசாமி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே மழையும் குளிரும் க்ஷேமம். நான் மட்டும் சுமார்.

"மூன்று வாரமாகத் தங்கள் கதாநாயகனான நத்தை தன் ஓட்டைத் திறந்து மூடுவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, அடுத்த அத்தியாயத்தில் ஒரு கதாநாயகி வராவிட்டால் தொடர்கதை நிறுத்தப்படும்" என்ற தங்கள் கடிதம் கிடைத்தது. நியாயந்தான். ஆனால் இருபது வருஷமாக எழுதி, அச்சில் வந்த என் முதல் கதை இது. நிறுத்தினால் தாங்கமாட்டேன், சொல்லிவிட்டேன். பழி தங்களுக்கும் உண்டு. அரியலூர்க் காட்டில் கிடைக்கும் கல் நத்தை பத்துக் கோடி வருஷத்துக்கு முன் கடலில் நீந்தியது என்று கட்டுரை போட்டது யார்? அதைப் படித்த அன்றைக்கே நான் அதுவரை எழுதிவந்த ராஜகுமாரர்களெல்லாம் எனக்கு நேற்றுப் பிறந்த பயல்களாகிவிட்டார்கள். துறையூர்ச் சந்தைக்கு வரும் அரியலூர் வண்டிக்காரரிடம் சொல்லிவைத்து, ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட கல் ஒன்றை வாங்கிக்கொண்டு மலையேறினேன். எழுதும்போது முன்னால் இருந்தால் கற்பனை ஓடுமே என்றுதான். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி பெருமாயி அதைக் கையில் வாங்கி, "ஏனுங்க, இது உசுரோட இருந்துச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

"செத்து எத்தன நாளாச்சுங்க?"

"பத்துக் கோடி வருஷம்."

"அத்தன நாளா யாருமே அழுவலீங்களா?"

அழாத சாவுக்குத் தீட்டுக் கழியாதாம். எடுத்து வந்தவன்தான் பங்காளி என்று தீர்ப்பாகி, குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர் என் தலையில் விழுந்தது. காரியம் முடியும்வரை பேனாவைத் தொடக்கூடாதாம், அம்மை குத்தும் ஊசியையும் தொடக்கூடாதாம். ஊசிக்குத் தடை என்றதில் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பெருமாயி குலதெய்வமாகிவிட்டாள். பென்சிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று இதை எழுதுகிறேன்.

ஆகவே ஐயா, நத்தையும் வேண்டாம், அதன் யுகமும் வேண்டாம். ஒரு வாரம் தவணை கொடுங்கள். ஜமீன்தார் மகள் ஒருத்தியைக் குதிரையோடு கொண்டுவந்து இறக்குகிறேன். தங்கள் குடும்பமும் அச்சாபீஸும் அம்மை அண்டாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தலை துவட்டிய துண்டோடு,
அப்பாசாமி

பி.கு.: மேலே கண்டதை அடித்துவிடவும். இன்று காரியம் நடந்தது. முறை சொல்லித்தானே அழவேண்டும், இதற்கு யார் யார் உறவு என்று பெண்கள் கேட்டார்கள். ஏதோ சொல்லப்போய், ஒரு பெண்டாட்டி, முட்டையைவிட்டு வெளியே வராத பிள்ளைகள், கடல் வற்றியபோது வழிதவறிப் போன ஓர் அண்ணன் என்று உச்சிப்பொழுது வரை பேசிவிட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெருமாயி கல்லை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். "கதையிலயாச்சும் இத இன்னொருக்கா சாவ உட்டுறாதீங்க, சாமி" என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டேன். சொன்னதையெல்லாம் மையிலேயே எழுதி நாலாம் அத்தியாயமாக இணைத்திருக்கிறேன். கதாநாயகி வந்துவிட்டாள், அவளுக்கும் ஓடு உண்டு. கதை எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள். பத்துக் கோடி வருஷம் இருக்கிறது, வாரம் ஒன்றாகப் போடுங்கள்.